ஆஸ்திரேலிய அவுட்பேக்கில் வேலைக்குப் போகிறீர்களா? கையெழுத்துப் போடுவதிலிருந்து கிளம்பி வருவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் எனக்கு நான்கு வருடம் இளையவள் ஒருத்தி போன மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, நார்தர்ன் டெரிட்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. வரைபடத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் ஒரு புள்ளி வருகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் பக்கத்தில் இன்னொரு புள்ளி வரவே இல்லை. போகலாமா?"

போகலாம் என்றேன். அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினேன். அவுட்பேக் என்கிற ஆஸ்திரேலியாவின் ஆள் குறைந்த உட்பகுதிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நாட்டின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து காரில் நான்கு மணி நேரம் தள்ளி, வால்பிரி மொழி பேசும் பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்றில் மூன்று வருடம் நர்ஸாக இருந்தேன். 500 பேருக்குக் குறைவான ஊர். ஒரு மருந்தகம் (கிளினிக்), ஒரு பள்ளி, ஒரு கடை, ஒரு மண் ஓடுதளம். அதனால் நான் சொல்வது நடுப் பாலைவனத்துக்குத்தான் அதிகம் பொருந்தும். வடக்கே டார்வின் பக்கம் போகிறவர்களுக்கு வெயிலைவிட மழைதான் பிரச்சினை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சாலை மூடிக் கிடக்கும் ஊர்கள் அங்கே உண்டு. மற்றபடி ஆசிரியர், டாக்டர், கவுன்சில் கணக்காளர், கடை மேலாளர் என்று எந்த வேலைக்குப் போனாலும் பெரும்பாலானவை பொதுவானவைதான்.

படி 1: கையெழுத்துப் போடும் முன்

நம்மவர்கள் பலர் இந்தப் பக்கம் வருவது விசாவால். 491 விசாவில் வருபவர்கள் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளில்தான் வாழ வேண்டும். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு 1973ஆம் ஆண்டு உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தின் 19ஏபி பிரிவு இருக்கிறது. பொதுவாகப் பத்து வருடம் டாக்டர் பற்றாக்குறை உள்ள இடங்களில் வேலை செய்தால்தான் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வழியாகக் கட்டணம் பெற முடியும். விசாவுக்காக வருவதில் தப்பில்லை. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். "எத்தனை மாசம் இருப்பே?" என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட முதல் பத்துக் கேள்விகளில் மூன்று.

சம்பளத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். தனி வீடா, பகிர்ந்து கொள்ள வேண்டுமா? யாரோடு? வாரத்துக்கு எத்தனை இரவு அவசர அழைப்பு? விடுப்பில் போனால் மாற்றாள் வருவாரா? நகரத்துக்குப் போய்வர வருடத்துக்கு எத்தனை விமானப் பயணம்? வேலை வண்டியைச் சொந்த வேலைக்கு எடுக்கலாமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சுகாதாரத் துறையில் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: இரவு அழைப்புக்கு என்னோடு இரண்டாவது ஆள் யார் வருவார்? 2016இல் தென் ஆஸ்திரேலியாவில் ஏபிஒய் என்ற பூர்வகுடி நிலப்பகுதியில் இரவு நேரத்தில் ஒரு நர்ஸ் கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்த மாநிலத்தில் தனியாக அழைப்புக்கு அனுப்பக்கூடாது என்று சட்டமே வந்தது. சட்டம் எந்த மாநிலத்தில் எப்படி இருந்தாலும் தனியாகப் போவதில்லை என்பதை நீங்களே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேர்காணலில் நான் இதைக் கேட்டபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த வேலையை நான் எடுக்கவில்லை.

வரிக் கணக்குப் போடும்போது, தொலைதூர இடங்களில் குடியிருப்பவர்களுக்கான மண்டலச் சலுகையை மறக்காதீர்கள். சிறப்பு மண்டலங்களில் வருடத்தில் 183 நாளோ அதற்கு மேலோ குடியிருந்தால் அடிப்படைச் சலுகை 1,173 டாலர்.

படி 2: காகிதங்கள்

நார்தர்ன் டெரிட்டரியில் குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேலை செய்ய ஓக்கர் கார்டு என்ற பின்னணிச் சோதனை அட்டை வேண்டும். வர நாளாகும், முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் பெர்மிட். 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டப்படி இந்த ஊர்கள் இருக்கும் நிலம் பூர்வகுடி மக்களின் சொத்து. தெற்கே சென்ட்ரல் லேண்ட் கவுன்சில், வடக்கே நார்தர்ன் லேண்ட் கவுன்சில் மூலம் அனுமதி வாங்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நிறுவனமே பெரும்பாலும் வாங்கித் தந்துவிடும். ஆனால் உங்களைப் பார்க்க வரும் தம்பிக்கு நீங்கள்தான் கேட்க வேண்டும். இதை அரசாங்கத் தொந்தரவாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அடுத்தவர் தோட்டத்துக்குள் கேட்காமல் பைக்கை விட்டால் எங்கள் காங்கேயம் பக்கம் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

கியர் வண்டி ஓட்டத் தெரியாதென்றால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். நர்ஸ்கள், தொலைதூர அவசர சிகிச்சைக்கான குறுகியகாலப் பயிற்சியை முடித்துவிட்டுப் போவது நல்லது. கிரானாபிளஸ் போன்ற அமைப்புகள் அதை நடத்துகின்றன.

படி 3: சாலை

பாம்பு, சிலந்தி, முதலை என்று பயமுறுத்துவார்கள். நான் பார்த்த காயங்களில் பாம்புக்கடி மிகக் குறைவு, வண்டி கவிழ்ந்தவை அதிகம். (பாம்பு கடித்தால் கழுவக் கூடாது, அகலமான பட்டையால் கை முழுக்க அல்லது கால் முழுக்க இறுக்கிச் சுற்றி, அசையாமல் வைத்து, உதவி கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.)

மண் சாலையில் ஏறும் முன் டயரில் காற்றைக் குறையுங்கள். எந்த வண்டிக்கு, எவ்வளவு சுமைக்கு எவ்வளவு என்பதை அந்த ஊர் மெக்கானிக்கிடம் கேளுங்கள். இணையத்தில் தேட வேண்டாம். ஸ்டெப்னி இரண்டு. ஜாக்கி மணலில் புதையாமல் இருக்க அடியில் வைக்க ஒரு பலகை. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் கணக்கில் தண்ணீர், அதுவும் ஒரே கேனில் வேண்டாம், பிரித்து வையுங்கள். செயற்கைக்கோள் போன், இருக்கும் இடத்தை மீட்புக்குழுவுக்கு அறிவிக்கும் அவசர பீக்கன். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பேசும் யுஎச்எப் ரேடியோ அலைவரிசை 40. கிளம்பும்போது ஒருவரிடம் எந்த வழி, எத்தனை மணிக்குச் சேர்வேன் என்று சொல்லுங்கள். சேர்ந்ததும் மறக்காமல் கூப்பிடுங்கள். ஒருமுறை நான் மறந்துபோய் இரண்டு பேர் என்னைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நகராதீர்கள். விமானத்திலிருந்து தேடுகிறவருக்கு வண்டி தெரியும், நடந்து போகிற நீங்கள் தெரியமாட்டீர்கள். பாலையில் செத்தவர்களில் பலர் வண்டியை விட்டு நடந்தவர்கள்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஓட்டாதீர்கள். கங்காரு, மாடு, குதிரை, ஒட்டகம் எல்லாம் சாலைக்கு வரும் நேரம் அது. ஒட்டகம் எப்படி வந்தது என்று கேட்டால் அது நம் பக்கத்துக் கதை: 19ஆம் நூற்றாண்டில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஒட்டகக்காரர்களோடு கொண்டுவந்தார்கள். லாரி வந்த பிறகு ஒட்டகங்களை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அந்த ஆப்கான் ஒட்டகக்காரர்கள் நினைவாகத்தான் அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் ரயிலுக்கு கான் என்று பெயர்.

எதிரே ரோடு ட்ரெயின் (பல டிரெய்லர்களை இழுத்து வரும் லாரி) வந்தால் ஓரம் கட்டி நில்லுங்கள். 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். அது கிளப்பும் புழுதியில் அரை நிமிடம் எதுவும் தெரியாது. அந்த அரை நிமிடத்தில் முந்த நினைத்தவர்களை நான் ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஊர்க் கடையில் ஓபல் வகை எரிபொருள்தான் கிடைக்கும். பெட்ரோலை முகர்ந்து போதை ஏற்றும் பழக்கம் ஒரு தலைமுறை இளைஞர்களைச் சீரழித்ததால், முகர்ந்தாலும் போதை ஏறாத பெட்ரோலை 2005 முதல் கொண்டுவந்தார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகாது. டீசல் வண்டி வாங்கினால் இந்த யோசனையே வேண்டாம்.

படி 4: வீடும் அடுப்பும்

கோடையில் 40 டிகிரிக்கு மேல், ஜூலை இரவில் பூஜ்யத்துக்கும் கீழே. இரண்டாவதை யாரும் சொல்வதில்லை. கம்பளி இல்லாமல் போய் முதல் வாரம் நடுங்கியவள் நான்.

தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும், உப்பும் சுண்ணாம்பும் அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். நம் சமையலுக்கு இதில் ஒரு சிக்கல்: துவரம்பருப்பு வேகவே வேகாது. ஐந்து விசில் விட்டாலும் முழுப் பருப்பாக மிதக்கும். பருப்புக்கும் டீக்கும் மட்டும் வடிகட்டிய தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுத்து வையுங்கள். முதல் மாதம் முழுக்கப் பருப்பு பழசு என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இட்லி மாவு ஜனவரியில் நாலு மணி நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும். ஜூலையில் இரண்டு நாளானாலும் அசையாது. பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைப்பேன். இந்தியாவின் மின்னழுத்தம்தான் அங்கும், அதனால் கிரைண்டர் ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.

ஊர்க் கடைக்கு வாரம் ஒரு லாரி. அது வரும் நாளை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். லாரி வந்த மாலை கீரையும் தக்காளியும் இருக்கும், ஐந்தாம் நாள் வெங்காயமும் உருளையும்தான். விலை நகரத்தைவிட நன்றாகவே கூட. மொத்தச் சாமானுக்கு புஷ் ஆர்டர் என்று ஒரு வழி இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கடையில் பட்டியல் கொடுத்தால் பெட்டி கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அரிசி, பருப்பு, புளி, மசாலாத் தூள் எல்லாம் அந்த நகரத்து இந்தியக் கடைகளிலேயே கிடைக்கும். ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையோ விதையோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே போய்விடும், அபராதமும் வரலாம். எது கொண்டுவந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். ஒரு பெரிய ஃப்ரீஸர் வாங்குங்கள். மூன்று வருடத்தில் நான் செய்த நல்ல செலவு அதுதான்.

ஊருக்கு வெளியே எங்கு பார்த்தாலும் பஃபல் புல். எனக்கு முதல் நாளே தெரிந்த முகம் போல இருந்தது. கொறங்காட்டில் மாடு மேயும் நம் கொழுக்கட்டைப் புல்லின் இனம்! அங்கே அது வெளியிலிருந்து வந்த களை. காய்ந்து நின்று காட்டுத்தீயை வளர்க்கிறது, உள்ளூர்ச் செடிகளை அழிக்கிறது. "எங்கள் ஊரில் இதை விதை வாங்கி விதைப்போம்" என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மா, வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போ என்றார்.

படி 5: நீங்கள் யாருக்கு என்ன முறை?

இதைத்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். நம்மவர்கள் மற்றவர்களைவிடச் சுலபமாகப் புரிந்துகொள்ளக்கூடிய விஷயமும் இதுதான்.

வால்பிரி மக்களில் ஒவ்வொருவருக்கும் எட்டுப் பிரிவுகளில் ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்கின் நேம் என்கிறார்கள். ஆண்பெயர் ஜ-வில் தொடங்கும், பெண்பெயர் ந-வில். அப்பாவும் அம்மாவும் எந்தப் பிரிவு என்பதை வைத்துப் பிள்ளையின் பிரிவு தானாக வந்துவிடும். யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்கு மாமன், யாரைக் கட்டலாம், யார் எதிரில் நிற்கக்கூடாது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

வெள்ளைக்காரச் சகாக்கள் இதற்கு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்து தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நமக்கு அடிப்படை ஏற்கெனவே தெரியும். அப்பாவின் சகோதரர் அங்கேயும் அப்பாதான். நமக்குப் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் சகோதரி அம்மாதான். தாய்மாமனுக்கும் அத்தைக்கும் தனிச் சொற்கள். பெரியப்பா பிள்ளை உடன்பிறப்பு, மாமன் பிள்ளை வேறு. ஆங்கிலத்தில் எல்லோரும் கசின்! ஆனால் ஒரு வித்தியாசம்: நாம் நேராக மாமன் மகளைக் கட்டுவோம். வால்பிரியில் அது முறையில்லை, ஒரு தலைமுறை தள்ள வேண்டும். அம்மாவைப் பெற்ற பாட்டியின் சகோதரனுக்கு மகள் வழிப் பேத்திதான் சரியான முறைப்பெண். தெற்கே பிட்ஜன்ஜாட்ஜாரா மொழிக்காரர்களிடம் போனால் இன்னொரு வேடிக்கை, அங்கே 'மாமா' என்றால் அப்பா.

உங்களுக்கும் ஒரு பிரிவு கிடைக்கும். நீங்களாகக் கேட்காதீர்கள். எனக்கு ஏழாவது வாரம் கிடைத்தது, நடுச் சாலையில். டயர் வெடித்து, ஸ்டெப்னி மாட்டி, அடுத்த இருபது கிலோமீட்டரில் இரண்டாவதும் வெடித்து உட்கார்ந்திருந்தேன். ஒரு பழைய காரில் ஏழு பேர் வந்தார்கள். டயரை ஒட்டிக் காற்றடித்துக் கொடுத்துவிட்டு, கிளம்பும் முன் ஒரு பாட்டி என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீ நுங்கராயி, என் மகள்" என்றார். நுங்கராயி. ஏதோ எங்கள் அப்பத்தா காலத்துப் பெயர் மாதிரி இருந்தது. மறுநாள் காலை மருந்தகத்துக்குப் போவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எனக்கு அண்ணன்மார், அத்தைகள், பேரன்கள் வந்துவிட்டார்கள்.

கூடவே ஒரு சிக்கலும் வந்தது. சர்க்கரை நோய்க்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒருவர் என் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். என் மீது புகார் ஏதோ இருக்கிறது என்று இரண்டு வாரம் தூங்கவில்லை. கடைசியில் கூட வேலை பார்த்த உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: அவர் ஜபங்கார்டி. நுங்கராயியின் மகளைக் கட்டும் பிரிவு. அதாவது நான் அவருக்கு மாமியார். மாமியாரும் மருமகனும் பேசவோ, ஒரே அறையில் இருக்கவோ, ஒரே வண்டியில் போகவோ கூடாது. மருமகன் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்று, "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்லும் அம்மாயியைப் பார்த்து வளர்ந்த எனக்கு உடனே புரிந்தது. அதற்குப் பிறகு ஜபங்கார்டிகள் எல்லோரையும் இன்னொரு நர்ஸ் பார்த்தார்.

ஒரு எச்சரிக்கை. "ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளும் தமிழர்களே" என்று நம் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் இந்த மொழிகளையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். இன்றைய மொழியியலாளர்கள் அதை உறவாக ஏற்பதில்லை. அங்கே போய் இப்படிப் பேச்சைத் தொடங்காதீர்கள். ஐம்பதாயிரம் வருடத்துக்கு மேலாக அந்த நிலத்தில் இருப்பவர்களிடம் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று நாம் போய்ச் சொல்வது நன்றாக இருக்காது. முறை தெரிந்தவர்களாக நடந்துகொண்டால் போதும், ஒற்றுமையை அவர்களே கவனித்துச் சொல்வார்கள்.

படி 6: பேச்சு

பத்துச் சொல்லாவது உள்ளூர் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். நம் நாக்குக்கு வால்பிரி வளைந்து கொடுக்கும். ட, ண, ள மாதிரி ஒலிகள் அதில் நிறைய. கல்லில் வரும் க-வுக்கும் தங்கத்தில் வரும் க-வுக்கும் எழுத்து வித்தியாசம் இல்லாத மொழி நம்முடையது போலவே அதுவும். ஙாப்பா என்றால் தண்ணீர், யுவாயி ஆமாம், லாவா இல்லை. யாப்பா என்றால் அவர்கள் மக்கள். கார்டியா என்றால் வெளியாட்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நாம் கறுப்பாக இருப்பதால் யாப்பா ஆகிவிட மாட்டோம். நீ எந்த வகைக் கார்டியா என்று ஒரு சிறுவன் என்னிடம் ஆர்வமாகக் கேட்டான்.

அவர்கள் பேசும் ஆங்கிலமும் தனி. 'சீக்கி' நாய் என்றால் குறும்பு நாய் இல்லை, கடிக்கும் நாய். "அவன் என்னைக் கில் பண்ணினான்" என்றால் அடித்தான் என்று பொருள். இதைத் தெரியாமல் முதல் வாரம் நான் போலீஸுக்குப் போன் எடுக்கப் போனேன்.

நேருக்கு நேர் கேள்வி கேட்டால் பல நேரம் "ஆமாம்" என்றே பதில் வரும். வலிக்கிறதா? ஆமாம். வலிக்கவில்லையா? ஆமாம். அது பொய்யில்லை, உங்களோடு சண்டை வேண்டாம் என்ற மரியாதை. நீங்கள் முதலில் ஒன்று சொல்லுங்கள், பிறகு சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். நமக்கு மௌனம் வந்தால் உடனே எதையாவது போட்டு நிரப்பத் தோன்றும். பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணை நேராகப் பார்க்காமல், எதிரே மலையைப் பார்த்துக்கொண்டு பேசிப் பாருங்கள். அறைக்குள் ஒரு மாதம் கிடைக்காத விவரம் மரத்தடியில் அரை மணி நேரத்தில் கிடைக்கும்.

உடையைப் பற்றி ஒரு வரி: தொடை, தோள் மூடிய தளர்வான உடை. சுடிதாருக்கு மேல் பொருத்தமானது அங்கே எதுவும் இல்லை. போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். கேட்டு எடுத்ததையும் இணையத்தில் போடாதீர்கள்.

படி 7: சாவு வீடு

ஒருவர் இறந்தால் ஊர் நின்றுவிடும். சாரி பிசினஸ் என்பார்கள். கூட்டங்கள் ரத்தாகும், பள்ளியில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், கடை மூடலாம். உறவினர்கள் வீட்டை விட்டு வெளியே வந்து தனியாகத் தங்குவார்கள். நாட்களா வாரங்களா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். உங்கள் அட்டவணை பாழாகிறது என்று முணுமுணுக்காதீர்கள்.

இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயருள்ள உயிரோடு இருப்பவரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது. அந்தப் பெயருக்குப் பதிலாகக் குமன்ஜாயி என்பார்கள். கணினியில் அந்தப் பெயரைத் தேடிச் சத்தமாக வாசிக்காதீர்கள். சுவரில் இருக்கும் படத்தை என்ன செய்வது என்று குடும்பத்திடம் கேளுங்கள்.

போய் உட்காருங்கள். எப்போது, எங்கே என்று ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். கல்யாணத்துக்கு வராதவனை மன்னிப்பார்கள், எழவுக்கு வராதவனை மன்னிக்கமாட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

படி 8: வேலை

நம்பிக்கை ஏன் மெதுவாக வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து பறக்கும் டாக்டர் சேவையின் முதல் விமானம் கிளம்பியது. எல்லா நூலிலும் இருக்கும் செய்தி. அதே 1928இல், சில மாதம் கழித்து, நார்தர்ன் டெரிட்டரியின் கோனிஸ்டன் பகுதியில் போலீஸ் தலைமையில் போனவர்கள் வால்பிரி உள்ளிட்ட மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அரசுக் கணக்கு 31 பேர். குடும்பங்கள் சொல்வது அதைவிடப் பல மடங்கு. அதில் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் ரத்த அழுத்தம் பார்த்தேன். 2007இல் ராணுவ வண்டிகளோடு அரசு இந்த ஊர்களுக்குள் இறங்கியதை எல்லோரும் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். அரசே பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிடித்துக்கொண்டு போன காலமும் மறக்கவில்லை. சீருடையும் கோப்புமாக வரும் புது ஆள் மீது யாருக்கு உடனே நம்பிக்கை வரும்?

மருந்தகத்தில் உங்கள் கையில் எப்போதும் இருக்க வேண்டியது கார்பா சிகிச்சைக் கையேடு. டாக்டர் போனில் இருப்பார். அவசரமென்றால் விமானம் வரும். இரவில் விமானம் இறங்க வேண்டுமென்றால் யாராவது வண்டியில் போய் ஓடுதளத்திலிருந்து கங்காருக்களையும் குதிரைகளையும் விரட்ட வேண்டும். அந்த யாராவது நீங்களாகவும் இருக்கலாம்.

ஆனால் வேலையின் முக்கால் பங்கு இந்தப் பரபரப்பு இல்லை. ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு 28 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும், பல வருடம். வலிக்கும் ஊசி. யார் அதை விரும்பி வருவார்கள்? அந்தப் பிள்ளை இன்று எந்தப் பாட்டி வீட்டில் இருக்கிறது, ஃபுட்பால் பார்க்க எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று தெரிந்தவரால்தான் அதைச் செய்ய முடியும். அது உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளருக்குத் தெரியும். பட்டம் உங்களிடம் இருந்தாலும் வழி அவரிடம் இருக்கிறது. அவர் வேண்டாம் என்ற வீட்டுக்குப் போகாதீர்கள். பள்ளியில் உதவி ஆசிரியரும் அப்படியே.

காப்பாற்ற வந்தவர் என்ற நினைப்போடு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரு கதை உண்டு. சிறுநீரகம் பழுதான முதியவர்கள் டயாலிசிஸுக்காக ஊரை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போய் அங்கேயே தனியாகச் சாக வேண்டியிருந்தது. மேற்குப் பாலையின் ஓவியர்கள் 2000இல் தங்கள் படங்களை சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, கின்டோர் என்ற தங்கள் ஊரில் தாங்களே டயாலிசிஸ் தொடங்கினார்கள். இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்ற பெயரில் பல ஊர்களில் நடக்கிறது. நமக்கு முன்பே யோசித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

படி 9: கொடுப்பதும் மறுப்பதும்

காசு, சிகரெட், பெட்ரோல், போன் சார்ஜ் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். ஹம்பக் என்று அவர்களே சொல்வார்கள். உறவு என்று ஆனபின் கேட்பது உரிமை. மறுப்பதும் உரிமைதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி மறுக்க வேண்டும். பணம் கொடுப்பதில்லை என்று முதல் மாதமே சொல்லிவிட்டேன். டீ, தண்ணீர், டயருக்குக் காற்று, படிவம் நிரப்புவது இதெல்லாம் எப்போதும். இன்று கொடுத்துவிட்டு நாளை மறுத்தால்தான் வருத்தம்.

மது வேண்டாம். ஊர் எல்லையில் பெரிய பலகை இருக்கும். தடை உள்ள ஊருக்குள் ஒரு பீர் டப்பா எடுத்துப் போனாலும் குற்றம், வண்டியைக்கூடப் பறிக்கலாம். வெளியிலிருந்து திணிக்கப்பட்ட சட்டம் என்ற விமர்சனம் இதன் மீது உண்டு. அதே நேரம் பல ஊர்களில் பெண்களே போராடிக் கேட்ட தடையும் இது. விதிகள் அடிக்கடி மாறும். 2022 நடுவில் பல இடங்களில் தடை விலகி, 2023 தொடக்கத்தில் திரும்ப வந்தது. போகும்போது அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள்.

நாய்களுக்கு ஒரு கோல். கையில் இருந்தால் போதும், ஓங்க வேண்டியதே இல்லை.

படி 10: மூன்றாவது மாதம்

முதல் மாதம் நட்சத்திரத்தைப் பார்த்தே போய்விடும். மூன்றாவது மாதம் கஷ்டம். எனக்குத் தீபாவளியன்று வந்தது. அரை வீட்டுக்குப் புழுதி, நெட் இல்லை, நான் சுட்ட முறுக்கு கல்லு மாதிரி. உட்கார்ந்து அழுதேன். அது வரும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாக அழுதிருப்பேன்.

நார்தர்ன் டெரிட்டரி நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் வித்தியாசம் சரியாக நான்கு மணி, வருடம் முழுக்க மாறாது. இரவு எட்டுக்குக் கூப்பிட்டால் அம்மா நான்கு மணிக் காப்பியோடு இருப்பார். ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது நகரத்துக்குப் போய் வாருங்கள், சாமான் வாங்க வேண்டியதில்லை என்றாலும். தொலைதூரச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் குடும்பத்துக்கும் புஷ் சப்போர்ட் லைன் என்ற தொலைபேசி ஆலோசனை 24 மணி நேரமும் இருக்கிறது, கூச்சப்படாதீர்கள்.

பெரிய மன உளைச்சல் ஊர்க்காரர்களால் வராது. ஐம்பது மீட்டர் தள்ளிக் குடியிருக்கும் சகாக்களால் வரும். காலையில் மீட்டிங்கில் சண்டை போட்டவரோடு மாலையில் ஒரே வேலிக்குப் பக்கத்தில் துணி உலர்த்த வேண்டும். ஊரைப் பற்றிக் குறை பேசும் கூட்டம் ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். அந்த வராந்தாவில் அதிக நேரம் உட்காராதீர்கள். ஃபுட்பால் மைதானத்துக்குப் போங்கள், ஓவியக் கூடத்துக்குப் போங்கள். வயிற்றில் தேன் சேர்த்து வைக்கும் தேன் எறும்பைத் தோண்டப் பெண்கள் கூப்பிட்டால் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். வேருக்கடியில் குடைந்து எடுக்கும் அந்த ஒரு சொட்டுத் தேனுக்கு நாலு மணி நேரம் வெயிலில் தோண்டலாம்.

குழந்தைகளோடு போவதானால் உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்கலாம். 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ரேடியோவில் தொடங்கிய ஸ்கூல் ஆஃப் த ஏர் இப்போது இணையத்தில் நடக்கிறது. கர்ப்பமாக இருந்தால் பிரசவம் ஊரில் இல்லை; 38 வாரம் வாக்கில் நகரத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும்.

படி 11: கிளம்பும்போது

சொல்லாமல் போகாதீர்கள். எத்தனையோ பேர் வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏறிக் காணாமல் போயிருக்கிறார்கள். இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள், வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். ஃப்ரீஸரை அடுத்து வருபவருக்கு விட்டுவிடுங்கள். நான் தொட்டியில் வைத்திருந்த கறிவேப்பிலையை ஜூலைப் பனி இரண்டு முறை கருக்கியும் அது துளிர்த்தது. கேரளத்திலிருந்து வந்த நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நுங்கராயி என்ற பெயரை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. போன வருடம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் காரை நிறுத்தினேன். பின்னாலிருந்து, "ஏய், நுங்கராயி!" என்று சத்தம். எனக்குத் தங்கை முறை ஆகும் ஒருத்தி. கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு இருபது டாலர் கேட்டாள். கொடுத்தேன்.